பை இருந்தால் பெண், பை தெரியாவிட்டால்?

வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜொகூர், லாபிஸ் பக்கத்திலிருந்து வந்தவை. ஒருவர் கங்காருவைக் கேட்டார், இன்னொருவர் முயலைக் கேட்டார், கடைசியில் பேச்சு பாமாயில் தரும் செம்பனை மரத்தில் வந்து நின்றது. சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: இது ஆணா, பெண்ணா?

கேள்வி: பெர்த்தில் இருக்கும் மாமா கங்காருப் படங்கள் அனுப்பினார். ஒன்றுக்கும் பை தெரியவில்லை. "அப்படியென்றால் எல்லாம் ஆண்தான்" என்கிறார் அண்ணன். கங்காரு என்றாலே பை உண்டு என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– ஆறாம் ஆண்டு மாணவி, லாபிஸ்

பதில்: இரண்டு பேருமே தவறு, பாப்பா. பை பெண் கங்காருவுக்கு மட்டும்தான். ஆனால் குட்டி இல்லாத பை வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். அதன் வாயைச் சுற்றி ஒரு தசை இருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பையைப் போல தாய் அதை இறுக்கி மூடிக்கொள்ளும். தள்ளி நின்று எடுத்த படத்தில் அது வெறும் தோல் மடிப்பாகத் தெரியும், பல சமயம் அதுவும் தெரியாது. ஆகவே பை தெரியவில்லை என்பதை வைத்து ஆண் என்று சொல்லிவிட முடியாது.

படத்தை மறுபடி எடுத்து, நிமிர்ந்து நிற்கும் கங்காருவின் பின்னங்கால்களுக்கு நடுவே பாருங்கள். ஆண் என்றால் விதைப்பை தொங்கும். ஆட்டுக்கிடாவில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். கங்காருவுக்கு விதைப்பை முன்னால் இருக்கும், குறி அதற்குப் பின்னால். குறியும் எப்போதும் உள்ளே இழுத்தபடியே இருப்பதால் வெளியே தெரியாது. அடுத்து முன்னங்கை. வளர்ந்த ஆணுக்குத் தோளும் கையும் பளுதூக்கும் வீரரைப் போலத் திரண்டிருக்கும். பெண்ணுக்கு ஒடுங்கிய தோள், மெலிந்த கை. ஆண்கள் மல்லுக்கு நிற்கும்போது எதிரியைக் கட்டிப் பிடிப்பது அந்தக் கையால்தான். பிடித்த பிறகு வாலை ஊன்றி, பின்னங்கால் இரண்டையும் தூக்கி உதைக்கும்.

ஆண் சிவப்பு, பெண் நீலச்சாம்பல் என்று படித்திருப்பீர்கள். அது ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் வாழும் சிவப்புக் கங்காருவுக்கு. அங்கேயும் சில வட்டாரங்களில் சிவப்புப் பெண்கள் உண்டு, சாம்பல் ஆண்களும் உண்டு. பெர்த் பக்கம் இருப்பது மேற்குச் சாம்பல் கங்காரு. ஆணும் பெண்ணும் ஒரே பழுப்புச் சாம்பல். உருவமும் முழுச் சாட்சி ஆகாது. சிவப்புக் கங்காருவில் ஆண் 85 கிலோ வரை போகும், பெண் 35 கிலோவோடு நிற்கும். ஆனால் ஆண் ஆயுள் முழுக்க மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே இருப்பதால், இளம் ஆணும் வளர்ந்த பெண்ணும் ஒரே அளவில் இருக்கும் காலம் ஒன்று உண்டு. மேற்குச் சாம்பலில் முதிர்ந்த ஆணிடம் குழம்பு வாசனைபோல ஒரு நெடி அடிக்கும். நம் வீட்டு ஞாபகத்தில் யாரும் கிட்டே போய்விட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஆடு 5 மாதம் சுமக்கிறது. ஆளுயரக் கங்காரு ஒரே மாதத்தில் குட்டி போடும் என்று கேள்விப்பட்டேன். எப்படி முடிகிறது?
– ஆடு வளர்ப்பவர், சாஆ

பதில்: குட்டியை அரைகுறையாகப் பெறுவதால் முடிகிறது. சிவப்புக் கங்காருவின் சினைக்காலம் 33 நாள். பிறக்கும்போது குட்டியின் எடை 1 கிராமுக்கும் குறைவு. மொச்சைக் கொட்டை அளவில், முடி இல்லாமல், கண் திறக்காமல் இருக்கும். பின்னங்கால்கள் வெறும் மொட்டு. முன்னங்கைகள் மட்டும் நகத்தோடு உறுதியாக இருக்கும். தாய் வாலை முன்னால் நீட்டி உட்கார்ந்துகொள்ள, குட்டி அந்தக் கைகளால் வயிற்று முடியைப் பற்றிப் பற்றிச் சில நிமிடங்களில் பைக்குள் ஏறிவிடும். தாய் தூக்கி வைப்பதில்லை.

பைக்குள் 4 காம்புகள் உண்டு. குட்டி ஒன்றைக் கவ்வியதும் காம்பு நுனி அதன் வாய்க்குள் உப்பிக்கொள்ளும். அதனால்தான் தாய் தாவி ஓடும்போதும் குட்டி விழுவதில்லை. இறந்த கங்காருவின் பையிலிருந்து சின்னக் குட்டியை மீட்பவர்கள் காம்பிலிருந்து பிடுங்கி இழுக்கக்கூடாது என்பதும் இதனால்தான். இழுத்தால் வாய் கிழியும். ஆறு மாத வாக்கில் வெளியே இறங்கிப் பார்க்கும், எட்டு மாதத்தில் பையை விட்டு முழுதாக வெளியேறும், ஒரு வயதுவரை தலையை மட்டும் உள்ளே விட்டுப் பால் குடிக்கும். அதற்குள் பையில் அடுத்தது வந்திருக்கும். ஒரே தாயின் ஒரு காம்பில் புதுக்குட்டிக்கு நீர்த்த பால், பக்கத்துக் காம்பில் பெரியதற்குக் கொழுப்பு மிகுந்த பால், இரண்டும் ஒரே நேரத்தில். அவையும் காம்பை மாற்றிக் குடிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. சிவப்புக் கங்காருவின் பையில் குட்டி இருக்கும்போதே வயிற்றில் கரு தங்கினால், அந்தக் கரு வளராமல் அப்படியே காத்திருக்கும். பை காலியாகும் சமயம் பார்த்து மறுபடி வளரத் தொடங்கும். மேற்குச் சாம்பலுக்கு இந்தக் கருக்காத்திருப்பு கிடையாது.

பைக்குள் இருக்கும் குட்டி ஆணா பெண்ணா என்பதை, முடி முளைக்கும் முன்பே வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பெண்ணுக்குக் குட்டிப் பை மடிப்பும் நான்கு புள்ளிகளும், ஆணுக்குச் சின்ன விதைப்பை.

கேள்வி: அப்பா சுமக்கும் பிராணி ஏதும் இல்லையா?
– இல்லத்தரசி, பாலோ

பதில்: இருக்கிறது, கடல் குதிரை. பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிட்டுப் போய்விடும். கருவுறுவது, மூச்சுக்காற்றுப் பெறுவது எல்லாம் ஆணின் பைக்குள்தான். இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆணுக்கு வலி எடுத்து, வயிற்றை மடக்கி மடக்கிக் குஞ்சுகளை வெளியே தள்ளும். கடல் குதிரையில் வயிற்றடியில் பை இருந்தால் ஆண். கங்காருவுக்கு நேர் தலைகீழ்.

கேள்வி: பாசார் மாலாமில் "ரெண்டும் பொட்டை" என்று சொல்லி இரண்டு முயல் குட்டி விற்றார்கள். நான்கு மாதத்தில் ஏழு குட்டி. எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகர், லாபிஸ்

பதில்: விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு வாரக் குட்டியில் அனுபவசாலியும் தவறுவார். எட்டு வாரம் ஆன பிறகு பாருங்கள்.

உட்கார்ந்துகொண்டு முயலை மடியில் மல்லாத்தி, தலை உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தை ஒரு கை தாங்க வேண்டும். தாங்காமல் விட்டால் முயல் எம்பி உதைக்கும். அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடும். முயல் வளர்ப்பில் அடிக்கடி நடக்கும் விபத்து இது. இன்னொரு கையின் இரண்டு விரல்களுக்கு இடையில் வாலைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் குறிக்கு மேலே மெதுவாக வயிற்றுப் பக்கம் அழுத்துங்கள். ஆண் என்றால் சின்னக் குழாய்போல எழும்பி, நுனியில் வட்டத் துளை தெரியும். பெண் என்றால் வேப்பிலை நுனிபோல எழும்பி, நடுவில் நீண்ட பிளவு ஆசனவாய்ப் பக்கம் இறங்கும். ஆணுக்கு ஆசனவாய்க்கும் குறிக்கும் இடைவெளி கூடுதல், பெண்ணுக்கு ஒட்டினாற்போல் இருக்கும்.

தவறு பெரும்பாலும் எங்கே நடக்கிறது? இளம் பெண்ணின் எழும்பிய பகுதியைப் பார்த்து ஆண் என்று முடிவு கட்டுவதில். எழும்புவதைப் பார்க்காதீர்கள், துளையின் வடிவத்தைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுங்கள். ஆணுக்கு விதைகள் இறங்கி, இருபக்கமும் முடியில்லாத நீளப் பைகளாகத் தெரியும்.

இப்போது உங்களுக்கு அவசரம் வேறு. ஆணை இன்றைக்கே பிரித்து வையுங்கள். பெண் முயல் குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். சினைக்காலம் 31 நாள்தான். ஆணுக்கு விதைநீக்கம் செய்தாலும் அடுத்த நான்கு வாரம் தனியே இருக்கட்டும், மிச்ச விந்து அதுவரை வேலை செய்யும். ஏழு குட்டிகளையும் மூன்று மாதம் முடிவதற்குள் ஆண் பெண்ணாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மூன்றும் கலந்த பூனை என்றால் பெட்டை என்று கண்ணை மூடிச் சொல்கிறார்களே?
– இடைநிலைப்பள்ளி மாணவர், சிகாமட்

பதில்: தோட்டத்துப் பேச்சில் அபூர்வமாகச் சரியாக இருக்கும் ஒன்று. மஞ்சள் நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு எக்ஸில் மஞ்சளோ கறுப்போ ஒன்றுக்குத்தான் இடம். பெட்டைக்கு எக்ஸ் இரண்டு, ஆகவே இரண்டு நிறமும் சேரலாம். கருவிலேயே ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் ஓய்ந்துவிடும். எது ஓய்கிறது என்பதைப் பொறுத்து உடலில் மஞ்சள் திட்டு, கறுப்புத் திட்டு. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் ஏதாவது ஒரு நிறம்தான். வெள்ளை வேறு மரபணு, யாருக்கும் வரும். மூவண்ணக் கடுவன் பிறந்தால் அதற்குப் பெரும்பாலும் எக்ஸ் ஒன்று கூடுதலாக இருக்கும். சுமார் 3,000 மூவண்ணப் பூனைகளில் ஒன்று அப்படி என்பார்கள், அதுவும் பெரும்பாலும் மலடாகவே இருக்கும். முழு மஞ்சள் பூனை எல்லாமே கடுவன் என்பதும் சொல்வார்கள். அது தவறு, ஐந்தில் ஒன்று பெட்டை.

மற்ற நிறங்களுக்கு வாலைத் தூக்கிப் பாருங்கள். மேலே இருப்பது ஆசனவாய். அதற்குக் கீழே ஒரு விரல் அகலம் தள்ளி வட்டப் புள்ளி இருந்தால் கடுவன். மொத்தத்தில் முக்காற்புள்ளி போலிருக்கும். நெருக்கமாக ஒரு செங்குத்துக் கோடு இருந்தால் பெட்டை, ஆச்சரியக்குறியைத் தலைகீழாக்கியதுபோல. குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட நாலைந்தையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும்.

கேள்வி: எங்கள் மொட்டை ஆடு (பிறவியிலேயே கொம்பு இல்லை) ஒரு வயது தாண்டியும் சினை பிடிக்கவில்லை. மற்ற பெட்டைகள் மேல் ஏறுகிறது, கிடா நாற்றமும் அடிக்கிறது. மருந்து உண்டா?
– ஆடு வளர்ப்பவர், பெக்கோக்

பதில்: மருந்து இல்லை, ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது இருபால் ஆடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாலுக்குக் கீழே பெண்ணுறுப்பைப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சிறியதாக, அடி நுனியில் பட்டாணிபோல ஒரு முளை துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். கிடாக்கும் காம்பு உண்டு என்பதால் காம்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதுக்குட்டி வாங்குபவர்கள் ஏமாறுவதும் இதில்தான். வாலுக்குக் கீழே இரண்டு துவாரம் என்றால் பெட்டை. ஒன்று மட்டும் இருந்து, வயிற்று நடுவில் குறி தெரிந்தால் கிடா.

காரணம் கொம்பில் இருக்கிறது. ஆட்டில் கொம்பில்லாத்தன்மையும் இந்த இருபால் குறையும் ஒரே மரபணு மாற்றத்தில் சேர்ந்து வருகின்றன. தாய் தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கொம்பு முளைக்காது, வேறு பாதிப்பில்லை. இருவரிடமிருந்தும் வந்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டி கிடாத்தன்மையோடு பிறக்கும். சானன் போன்ற பாலாடுகளில் மொட்டை சாதாரணம். கொம்பு இல்லாதது பார்க்க அழகு, முட்டாது என்று மொட்டைக் கிடாவையே மொட்டைப் பெட்டைகளுக்கு விடுவார்கள். சில ஈற்றிலேயே தொழுவத்தில் "கிடா அதிகமாகப் பிறக்கிறது" என்ற பேச்சு வரும். அவற்றில் சில கிடாவே அல்ல.

வழி ஒன்றுதான். சேர்க்கும் ஜோடியில் ஒன்று கொம்புள்ளதாக இருக்க வேண்டும். விற்பவர் "கொம்புள்ள வகைதான்" என்று சொன்னாலும், குட்டியில் கொம்பைச் சுட்டு அகற்றியதா, பிறவி மொட்டையா என்று கேளுங்கள். புதுக்குட்டியில் இதைக் கையால் தெரிந்துகொள்ளலாம். கொம்பு வரப்போகும் குட்டிக்கு நெற்றியில் இரண்டு இடத்தில் முடி சுழித்திருக்கும், தடவினால் தோல் எலும்போடு ஒட்டியிருக்கும். பிறவி மொட்டைக்கு அந்த இரட்டைச் சுழி இல்லை, தோல் நகரும்.

உங்கள் ஆட்டை இறைச்சிக்குக் கொடுத்துவிடலாம், உண்பதில் குற்றமில்லை. இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால் தீவனக் காசுதான் நஷ்டம்.

கேள்வி: எல்ஐடி (உள்ளூர் இந்தியக் கறவை இன) மாடு இரட்டைக் கன்று ஈன்றது, காளை ஒன்று, கிடேரி ஒன்று. கிடேரியைப் பாலுக்கு வளர்க்கலாமா?
– மாடு வளர்ப்பவர், சாஆ

பதில்: நம்பி வளர்க்க வேண்டாம். காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. வயிற்றில் இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் இணைந்துவிடுவதால் காளைக் கன்றின் சுரப்புகள் கிடேரிக்குள் போய், அதன் கருப்பையையும் சூலகத்தையும் வளரவிடாமல் கெடுக்கின்றன. வெளியே பார்த்தால் பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாது. கால்நடை மருத்துவர் ஒரு மாதத்துக்குள் மழுங்கிய குழாய் ஒன்றை எண்ணெய் தடவி உள்ளே விட்டு அளப்பார். சாதாரணக் கன்றுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் போகும். மலட்டுக்கு 5, 6 சென்டிமீட்டரிலேயே முட்டும். நீங்களே குச்சி விட்டுப் பார்க்காதீர்கள், கிழிந்துவிடும். காளைக் கன்றுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. ஆட்டில் இரட்டை சர்வசாதாரணம், ஆனால் இந்தத் தொல்லை அங்கே அரிது.

கேள்வி: கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பாட்டி பொறுக்கி அடை வைப்பார். உண்மையா? குஞ்சிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, பாலோ

பதில்: முட்டை வடிவம் தாய்க்கோழியின் கருக்குழாய் பிடிக்கும் அச்சு, அவ்வளவே. ஒரே கோழி எப்போதும் ஏறக்குறைய ஒரே வடிவில்தான் இடும். வடிவத்தில் பால் இருந்தால் அந்தக் கோழி ஆயுளுக்கும் சேவல் மட்டுமே பொரிக்க வேண்டும். நூலில் ஊசி கட்டி முட்டைக்கு மேல் ஆட்டுவதும் அதே ரகம். ஆனால் பாட்டி தாய்ப்பக்கம் பார்த்தது ஒருவகையில் சரி. மனிதர், ஆடு, மாடு எல்லாவற்றிலும் பிள்ளையின் பாலை முடிவு செய்வது தகப்பன் விந்து. பறவையில் தாய் முட்டை.

ஒரு நாள் குஞ்சின் கழிவாயைத் திறந்து பார்த்துப் பிரிக்கும் கலையை ஜப்பானியர்கள் 1920-களில் வளர்த்தார்கள். ஊசித்தலை அளவுள்ள ஒரு மேட்டைக் கண்டு, விநாடிக் கணக்கில் பிரிக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் குடல் பிதுங்கிக் குஞ்சு சாகும். வீட்டில் வேண்டாம்.

இறகு பார்க்கும் முறை எளிது. சிறகை விசிறிபோல விரித்தால் இரண்டு வரிசை முளை தெரியும். கீழ் வரிசை மேல் வரிசையைவிட நன்றாக நீண்டிருந்தால் பெட்டை, இரண்டும் சமமாகவோ மேல் வரிசை நீண்டோ இருந்தால் சேவல். ஆனால் இதற்கென்றே கலப்பு செய்த பண்ணை இனங்களில் மட்டும்தான் பலிக்கும், அதுவும் பொரித்த முதல் இரண்டு நாளுக்குள். கம்போங் கோழியில் இதைச் செய்தால் பூவா தலையா போட்டதற்குச் சமம்.

கம்போங் குஞ்சுக்குப் பொறுமைதான் முறை. ஐந்தாறு வாரத்தில் ஒரே ஈட்டுக் குஞ்சுகளை ஒன்றாக நிறுத்துங்கள். கொண்டை சிவந்து பெருத்து, கால் தடித்து நிற்பவை சேவல். பன்னிரண்டு வார வாக்கில் கழுத்திலும் முதுகின் பின்பகுதியிலும் ஒரு இறகை விலக்கிப் பாருங்கள்: ஒடுங்கிக் கூர்த்துப் பளபளத்தால் சேவல், நுனி உருண்டிருந்தால் பெட்டை. இந்த அடையாளம் பிசகுவது அரிது.

பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா என்று பழமொழி சொல்வோம். பெட்டை கூவத்தான் செய்யும். கோழிக்கு வேலை செய்வது இடது சூலகம் ஒன்றுதான். நோயில் அது அழிந்தால் பெண் சுரப்பு குறைந்து, கொண்டை வளர்ந்து, சேவல் இறகு முளைத்துக் கூவத் தொடங்கும். பொழுதும் விடியும், முட்டைதான் வராது.

கேள்வி: வாத்தில்?
– அதே வாசகி

பதில்: சத்தம் கேளுங்கள். "குவாக்" என்று ஊரைக் கூட்டுவது பெட்டை, தொண்டை கட்டியதுபோல முனகுவது ஆண். வளர்ந்த ஆணுக்கு வால் மேல் இறகு ஒன்றிரண்டு சுருண்டிருக்கும். அது உதிரும் காலமும் உண்டு என்பதால் சத்தமே மேல். முகத்தில் சிவப்புச் சதைத் திரளோடு வரும் செராத்தி வாத்துக்குச் சுருள் வால் கிடையாது. அதில் பெட்டையைப்போல இரண்டு மடங்கு பெருத்து, வெறும் காற்றுச் சத்தத்தோடு சீறுவது ஆண்.

கேள்வி: நாகம் ஆண், சாரை பெண்; இரண்டும் பின்னிக்கொண்டு ஆடுவதைச் செம்பனைக் காட்டில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற மண்டோர், பெக்கோக்

பதில்: பார்த்தது உண்மை, ஐயா. அர்த்தம்தான் வேறு. நாகத்தில் ஆணும் பெண்ணும் உண்டு, சாரையிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு இனம், சேராது. நாகம் சாரையைப் பிடித்து விழுங்குவது உண்டு, அதை யாரும் கல்யாணம் என்று சொல்வதில்லை.

முன்னுடலைத் தூக்கி, கயிறு முறுக்கியதுபோலப் பின்னி, ஒன்றையொன்று தரையில் சாய்க்கப் பார்ப்பவை இரண்டு ஆண் சாரைகள். பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்காக நடக்கும் மல்யுத்தம். கடிப்பதில்லை, தலை தரையில் அழுந்திய பாம்பு தோற்று விலகும். உண்மையான இணைசேர்தல் சத்தமில்லாமல், உடல் தரையோடு கிடக்க, வால்கள் மட்டும் பின்னியபடி மணிக்கணக்கில் நடக்கும். பார்ப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை.

பாம்பில் ஆண் பெண் பிரிக்க, கழிவாய்க்குப் பின்னுள்ள வாலைப் பார்ப்பார்கள். ஆணுக்கு இரட்டைக் குறி வாலுக்குள் மடங்கி இருப்பதால் வாலடி தடித்து, மெதுவாக ஒடுங்கி, நீண்டிருக்கும். பெண்ணுக்குக் கழிவாய் தாண்டியதும் சட்டென்று ஒடுங்கும். உறுதி செய்யக் கம்பி விட்டுச் சோதிப்பது பயிற்சி பெற்றவர் வேலை. நாகத்திடம் அந்த ஆராய்ச்சியே வேண்டாம்.

கேள்வி: விடியற்காலை கூவுவது ஆண் குயிலா, பெண் குயிலா? எண்டாவ் ரொம்பின் காட்டுப் பக்கம் பார்க்கும் இருவாட்சியில் எப்படிப் பிரிப்பது?
– பறவை ஆர்வலர், பெக்கோக்

பதில்: "கூ-ஊ" என்று ஏற்றி ஏற்றிக் கூவுவது ஆண், மின்னும் கறுப்பு உடல், இரத்தச் சிவப்புக் கண். பெண் பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி. அதன் குரல் "கிக் கிக்" என்று வெடிக்கும். நன்றாகப் பாடும் பெண்ணைக் குயில் என்கிறோம், பாட்டு என்னவோ ஆணுடையது. காகக் கூட்டருகே ஆண் கூச்சல் போட்டு காகங்களைத் துரத்த வைக்க, பெண் உள்ளே நழுவி முட்டையிட்டுவிடும்.

காண்டாமிருக இருவாட்சியில் இறகு ஒரே மாதிரிதான், தொலைநோக்கியில் கண்ணைப் பாருங்கள். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. ஆண் தனியாக வந்து ஒரே மரப்பொந்தில் திரும்பத் திரும்பப் பழம் ஊட்டினால், உள்ளே பெண் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது. அந்த மரத்தடியில் கூட்டம் போடாதீர்கள். ஆண் வர அஞ்சினால் உள்ளே இருப்பவை பட்டினி.

கேள்வி: தோட்டத்தில் புகுந்த யானைக்குத் தந்தம் இல்லை. பெண்தானே?
– செம்பனைக் குத்தகைக்காரர், பெக்கோக்

பதில்: அவசரப்படாதீர்கள். ஆசிய யானையில் தந்தம் ஆணுக்கு மட்டும். பெண்ணுக்கு உதட்டைத் தாண்டாத சிறு பல் இருந்தால் உண்டு. ஆனால் தந்தமில்லாத ஆணும் இருக்கிறது. தமிழில் மோழை, மக்னா என்பார்கள். தும்பிக்கை அடி பருத்து, நெற்றி புடைத்து, பெண்ணைவிட உயர்ந்து நிற்கும். கன்றுகளோடு கூட்டமாக வருபவை பிடிகள், முதிர்ந்த களிறு பெரும்பாலும் தனியே திரியும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே எண்ணெய்போல வழிந்திருந்தால் மதம் பிடித்த களிறு. வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். யானை போன பிறகு உயரம் அறிய, முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்குங்கள், தோள் உயரம் கிடைக்கும்.

கேள்வி: சில செம்பனை மரங்கள் வெறும் ஆண் பூவாகத் தள்ளுகின்றன. வெட்டிவிடலாமா?
– சிறுதோட்டக்காரர், சாஆ

பதில்: செம்பனையில் ஆண் மரம், பெண் மரம் என்று தனியே கிடையாது. ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை. சில மாதம் ஆண் பாளையாக வரும், சில மாதம் பெண் பாளையாக வரும். எது வரும் என்பது குலை அறுக்கச் சுமார் இரண்டு வருடத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இன்றைக்குத் தெரியும் ஆண் பூ அன்றைய வறட்சியின், அல்லது அன்றைய கத்தியின் விளைவு. மட்டையை மிஞ்சி வெட்டினால் மரத்துக்குச் சாப்பாடு குறைகிறது, ஆண் பூ கூடுகிறது. இளம் மரத்தில் பழக்குலைக்குக் கீழே 2 மட்டையும் முதிர்ந்த மரத்தில் 1 மட்டையும் எப்போதும் இருக்க வேண்டும். நிழல் விழுந்து நெருங்கி வளரும் மரத்திலும் இதே கதைதான். உரத்தையும் ஈரத்தையும் சரிசெய்துவிட்டு இரண்டு வருடம் பாருங்கள்.

ஆண் பாளை இல்லாமலும் குலை இல்லை. 1981-க்கு முன்பு இங்கே மகரந்தத்தைக் கையால் தூவினார்கள். பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத், கேமரூனில் இந்த வேலையைச் செய்வது ஒரு சிறு வண்டு என்று கண்டறிந்தார்; 1981-இல் அந்த வண்டை மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். விரிந்த ஆண் பாளையருகே மூக்கை வைத்தால் சோம்பு வாசனை அடிக்கும், விரல்போன்ற கிளைகள் மேல் எள்ளளவு வண்டுகள் மொய்க்கும். பெண் பூவும் அதே வாசனையை லேசாக விட, வண்டு ஏமாந்து மகரந்தத்தோடு அங்கே போகிறது. அது முட்டையிட்டுப் பெருகுவது ஆண் பாளையில் மட்டுமே. பூ கொட்டிக் கறுத்துவிட்டதே என்று காய்ந்த ஆண் பாளையை வெட்டிக் கொளுத்தாதீர்கள். இன்னும் இரண்டு வாரத்தில் பறக்கப்போகும் வண்டுகள் அதற்குள்தான் இருக்கின்றன.